குவியலுக்கு அடியில் இருந்த கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலை. கரைக்குப் போட வேண்டிய செம்மண் கிராவலைப் பக்கத்துக் கரிசல் காட்டில் குவித்திருந்தார்கள். மண் கொடுத்த ஒப்பந்தக்காரரின் லோடு நோட்டு 2,480 யூனிட் என்றது. ஒப்பந்தத்திலோ குவியலை அளந்துதான் பணம் என்று இருந்தது. அளந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மேற்பரப்பை அளக்கப் பெரிய வித்தை வேண்டாம், பொறுமை போதும். தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தி அடிவிளிம்பில் ஒரு சுற்று, மேல்விளிம்பில் ஒரு சுற்று, பிறகு டிப்பர்கள் ஏறிய சரிவு, இடையில் உள்ள மேடு பள்ளங்கள். அளக்கும் புள்ளியில் ஊன்றிப் பிடிப்பது பிரிசம் கம்பு; கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி அதன் தலையில் இருக்கும். இளகிய மண்ணில் அந்தக் கம்பின் கூர்முனை நாலு விரல்கடை சுலபமாக இறங்கிவிடும். மட்டமும் அவ்வளவு குறையும். கம்பு பிடித்த பையனிடம் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, அதன்மேல் ஊன்றச் சொல்லி, அதன் தடிப்பையும் கணக்கில் சேர்த்தேன்.

கணினி, புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து மேற்பரப்பை உருவாக்கும். ஆனால் மண் எங்கே மடிகிறது என்பது அதற்குத் தெரியாது. விளிம்பு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அடிப்புள்ளிகள் இரண்டை நேராக இணைத்து, நடுவில் உள்ள மூக்கையே வெட்டிவிடும். மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பிரேக்லைனாக, அதாவது முக்கோணங்கள் தாண்டக் கூடாத மடிப்புக் கோடாக, வரைந்து கொடுத்த பிறகுதான் திரையில் எங்கள் குவியல் தெரிந்தது.

உண்மையான வழக்கு அடியில்தான் இருந்தது. மண் கொட்டுவதற்கு முன் யாரும் தரைமட்டம் எடுத்து வைக்கவில்லை. குவியல் அமர்ந்திருந்த இடம் சுமார் 2,040 சதுர மீட்டர். தரைமட்டத்தில் 10 சென்டிமீட்டர் பிசகினால் 204 கன மீட்டர் மாறும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 72 யூனிட் காற்றில் வரும் அல்லது காற்றில் போகும். அடிவிளிம்புப் புள்ளிகளை இணைத்துத் தரையாக வைத்துக்கொண்டால் 6,180 கன மீட்டர் வந்தது.

“நடுவில் ஒரு பள்ளம் இருந்தது சார். அதை நிரப்பித்தான் மேலே கொட்டினோம்” என்றார் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர். இதைச் சொல்லாத சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஜேசிபியை வரவழைத்து, பக்கவாட்டிலிருந்து வாய்க்கால் போல இரண்டு இடங்களில் வெட்டச் சொன்னேன். ஆளை உள்ளே இறக்கவில்லை. சுவர்களைச் சரிவாக வெட்டி, பிரிசம் இல்லாமல் லேசரிலேயே மட்டம் எடுத்தோம்.

செம்மண் இருந்ததும் கரிசல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. வாளியில் சிவப்பாக வந்துகொண்டிருந்த மண், ஓரிடத்தில் கத்தியால் கோடு போட்டதுபோல் கறுப்பானது. கறுப்பில் அறுத்துவிட்ட பருத்தித் தூர்கள் அப்படியே நின்றன. பழைய தரை அதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நடுப்பகுதியில் அந்தக் கோடு ஒரு மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியது. சூப்பர்வைசர் சொன்னது பொய்யில்லை. வெட்டிய இடங்களின் மட்டத்தை வைத்துப் பள்ளத்தை வரைந்தபோது 135 கன மீட்டர் கூடியது. மொத்தம் 6,315, யூனிட்டில் 2,230 சொச்சம்.

கணக்கில் குவியலைக் குறுக்கே துண்டு துண்டாகப் பிரித்து, குறுக்குவெட்டு முறையிலும் சரிபார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு குறுக்குவெட்டுகளின் சராசரிப் பரப்பை இடைத்தூரத்தால் பெருக்கும் முறை குவியலின் இரு முனைகளிலும் அதிகமாகக் காட்டும்: கூம்பாக முடியும் முனையில் உண்மையில் உள்ளது, பரப்பைத் தூரத்தால் பெருக்கி வருவதில் மூன்றில் ஒரு பங்கு; அந்த முறை எடுத்துக்கொள்வது பாதி. அதைத் திருத்திய பிறகு இரண்டு கணக்கும் நெருங்கி வந்தன.

லோடு நோட்டோடு இன்னும் 250 யூனிட் இடித்தது. டிப்பரில் பொலபொலவென்று வந்த மண், வண்டிகள் ஏறி இறங்கியும் மழை நனைத்தும் அமுங்கியிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றை வாசலில் நின்று பார்த்தோம்: நோட்டில் எல்லா வண்டியும் முழுத் தொட்டி, வந்த சில வண்டிகளில் மண் விளிம்புக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. ஒப்பந்தப்படி குவியல் அளவுக்கே பில் போட்டேன். பள்ளத்தின் கணக்கைத் தனி வரைபடமாக இணைத்திருந்ததால் ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தபடியே கையெழுத்திட்டார்.

அடுத்த குவியலுக்கு இடம் ஒதுக்கியதும், முதல் லோடு விழுவதற்கு முன்பே தரைமட்டம் எடுத்தோம். அன்று பிரிசம் கம்பைப் பிடித்தவர் அதே சூப்பர்வைசர். யாரும் சொல்லாமலேயே பள்ளம் பள்ளமாகத் தேடிப் போய் நின்றார்.