மீந்த சோற்று வடகம்: நடுவில் கல் தட்டாமல் பொரிந்த பக்குவம்

இந்தப் பங்குனியில் போட்ட சோற்று வடகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீராகப் பொரிந்துவிட்டது. பல்லில் எதுவும் தட்டவில்லை, எண்ணெய் குடிக்கவில்லை, வாணலியில் விழுந்த நாலைந்து நொடியில் உப்பி மேலே வந்தது. மீந்த சோற்றில் வடகம் போடுகிற எல்லோருக்கும் பழகிய தொல்லை ஒன்று உண்டு. மேலே மொறுமொறுவென்று இருக்கும், கடிக்கும்போது நடுவில் கடுக்கென்று ஒரு பருக்கை மாட்டும். வெயில் பத்தவில்லை, இன்னும் ஒரு நாள் காய்ந்திருக்க வேண்டும் என்பார்கள். எத்தனை நாள் காய வைத்தாலும் அந்தக் கல் போகாது. அது உருவாவது மொட்டை மாடியில் இல்லை, ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில்.

தினம் ஒரு பிடி, இரண்டு பிடி என்று மிஞ்சுகிற சோற்றை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் சேர்த்து, வாரக் கடைசியில் மொத்தமாக அரைத்து வடகம் போடுவதுதான் இப்போது பல வீடுகளில் வழக்கம். அங்கேதான் சோறு கெட்டிப்படுகிறது. அரிசி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரை இழுத்துக் குழைகிறது. ஆறத் தொடங்கியதும் குழைந்தது மறுபடி அடுக்குக் கட்டி இறுக ஆரம்பிக்கும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 4 டிகிரி வாக்கில், அதாவது உறைவதற்குச் சற்று மேலே. ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டு சரியாக அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இரண்டு நாள் அதில் இருந்த சோற்றைக் கையில் உருட்டிப் பாருங்கள், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, நடுவில் விறைத்து நிற்கும். அதை மிக்சியில் போட்டால் உடையுமே தவிரக் குழையாது. உடைந்த துண்டு மாவுக்குள் அப்படியே உட்கார்ந்து காய்கிறது. வடகம் பொரிவது உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈரம் ஆவியாகி, சூட்டில் இளகிய மாவை வெளியே தள்ளுவதால். இறுகிய துண்டு எண்ணெயில் இருக்கிற சில நொடிக்குள் இளகாது, அதனால் உப்பாது. பல்லில் தட்டுவது அதுதான்.

ஆகவே சேர்த்து வைக்கிற இடத்தை மாற்ற வேண்டும். மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, கவரில் போட்டு ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். நன்றாக உறைந்துவிட்டால் இறுக்கம் அங்கேயே நின்றுவிடும். தட்டையாக வைப்பதில் அக்கறை காட்டுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி உறைய நேரமாகும், அந்த நேரம் முழுக்க அது 4 டிகிரியைக் கடந்துகொண்டே இருக்கும். எடுக்கும்போதும் இதே கணக்குதான். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி இளக வைக்காதீர்கள். கட்டியை உடைத்து நேரே குக்கர் பாத்திரத்தில் போடுங்கள்.

சேர்க்கிற சோற்றின் தரத்தில் சமரசமே கூடாது. சமைத்த சோறு வெளியே பல மணி நேரம் கிடந்தால் அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விடுகிற நஞ்சு, மறுபடி வேக வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. வெயில் காலத்தில் சூடு ஆறத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் சோறு ஃபிரீசருக்குப் போய்விட வேண்டும். நூல் விடுகிற சோறு, கையில் வழுக்குகிற சோறு, கெட்ட வாடை அடிக்கிற சோறு எதுவும் வடகத்துக்கு ஆகாது. சிக்கனம் பார்ப்பது நல்ல சோறு வீணாகாமல் இருக்கத்தான், கெட்டதை ஒப்பேற்ற இல்லை.

இரண்டாம் வேக்காடு. பக்குவம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ சோற்றுக்கு 200 மில்லி தண்ணீர், கலந்து உள்பாத்திரத்தில் வைத்து மூடி, குக்கரில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். வெறும் சூடு காட்டினால் போதாது. சோறு இறுகியதில் ஒரு பகுதி 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும், இன்னொரு பகுதிக்குக் கொதிநிலையே பத்தாது. அதனால்தான் இட்லிச் சட்டியைவிடக் குக்கர் ஒரு படி மேல். வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். முழுசாக மசிந்து விரலில் பூசிக்கொண்டால் சரி. நடுவில் குருணை மாதிரி ஒரு புள்ளி உருண்டால் இன்னும் 50 மில்லி தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு விசில். தேய்த்தால் விரலுக்குத் தெரிகிற புள்ளி, பொரித்ததும் பல்லுக்குக் கட்டாயம் தெரியும். இந்தச் சோதனையை ஒரே பருக்கையில் முடித்துவிடாதீர்கள், பாத்திரத்தின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மசிப்பது. சூடாக இருக்கும்போதே மத்தால் கடைவதுதான் எனக்குப் பிடித்த வழி. மிக்சிதான் என்றால் விப்பரில் விட்டு விட்டு ஓட்டுங்கள், மூன்று நான்கு சுற்று போதும். ஓடவிட்டு நைசாக அரைத்தால் மாவு பசையாக இழுக்கத் தொடங்கும். பசையாகிவிட்ட மாவில் காற்றுக்கு இடமே இருக்காது, காய்ந்தால் கண்ணாடித் துண்டு போல விறைத்து, எண்ணெயில் பாதிதான் உப்பும். ஸ்பூனால் தூக்கினால் கனமாக விழ வேண்டும், நூலாக இழுக்கக் கூடாது.

உப்பு: கிலோவுக்கு 8 கிராம், தூள் உப்பாக இருந்தால் தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். மாவை நக்கிப் பார்த்தால் உப்பே இல்லாதது போலத் தோன்றும். அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு கிலோ சோறு காய்ந்தபின் 330 கிராம் வாக்கில்தான் நிற்கும், அப்போது உப்பு மூன்று மடங்காகத் தெரியும். உப்பு போட்டு வடித்த சோறென்றால் 4 கிராமுக்கு மேல் வேண்டாம். உப்பு கூடினால் வாய்க்கு மட்டும் கெடுதல் இல்லை, ஐப்பசி மழையில் டப்பாவுக்குள்ளேயே ஈரத்தை இழுத்து வடகம் நமுத்துப்போகும். காரத்துக்குப் பச்சை மிளகாய் ஆறு, பெருங்காயம், ஒரு டீஸ்பூன் சீரகம். சீரகத்தை மிளகாயோடு சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்துவிடுங்கள், முழுசாகப் போட்டால் அச்சின் துளையில் குறுக்கே நின்று அடைத்துக்கொள்ளும். மாவு ஆறிய பிறகு ஒரு எலுமிச்சம்பழச் சாறு.

பொன்னிப் புழுங்கல், இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாமே தானாகப் பிடித்துக்கொள்ளும். பாஸ்மதிச் சோறு மட்டும் ஒட்டாது, பிழிந்த இழை காயும்போதே விரிசல் விட்டு உதிரும். விருந்து முடிந்து பிரியாணிக்கு வடித்த வெறும் சோறு நிறைய மீந்தால் கிலோவுக்கு 50 கிராம் ஜவ்வரிசி சேர்த்தால் சரியாகிவிடும். நாலு மணி நேரம் ஊற வைத்து, 150 மில்லி தண்ணீரில் கண்ணாடி நிறம் வரும்வரை காய்ச்சி, மசித்த சோற்றில் கலக்க வேண்டும். வாங்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள், நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்குத்தான் சரி. சேலம் வட்டாரத்து மரவள்ளி ஆலைகளின் சரக்கு 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் வெளிச்சந்தை வழியாகவும் ஊர் ஊராக வருகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மளிகைக் கடையில் மூட்டையின் அடியில் தங்கும் உடைந்த ஜவ்வரிசி இருந்தால் அதையே கேளுங்கள். விலை குறைவு, எப்படியும் காய்ச்சிக் கரைக்கத்தானே போகிறோம்.

அச்சைப் பொறுத்தவரை தேன்குழல் தட்டுதான் என் தேர்வு. ஓமப்பொடித் தட்டில் பிழிந்தது ஒரே நாளில் காயும், ஆனால் டப்பாவில் பாதி நொறுங்கிப்போகும். கையால் கிள்ளி வைப்பதென்றால் சுண்டைக்காய் அளவைத் தாண்டாதீர்கள். நெல்லிக்காய் அளவு வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து உள் ஈரத்தை அடைத்துவிடும், எண்ணெயில் போட்டதும் வெடித்துத் தெறிக்கும். அச்சுக்குள் எண்ணெய் தடவாமல் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட வடகம் நாலைந்து மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். கடையில் புது ஸ்டீல் அச்சு வாங்குகிறவர்கள் கைப்பிடி பற்றவைத்த இடத்தை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் முதலில் விடுவது அந்த இடம்தான். திருகு வைத்த பித்தளை அச்சு கனம்தான், ஆனால் தலைமுறைக்கு வரும். பழைய பாத்திரக் கடையில் எடைக்கே கிடைத்தால் விடாதீர்கள்.

விரிக்கப் பழைய பருத்தி வேட்டியே போதும். நனைத்து ஒட்டப் பிழிந்து விரிக்க வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பில் உரிப்பது சுலபம், ஆனால் அடிப்பக்கம் வேர்த்து, மேலே காய்ந்தும் கீழே பிசுபிசுப்பாகவே கிடக்கும். துணியில் இரண்டு பக்கமும் ஈரம் இறங்குகிறது. எட்டு மணிக்குள் பிழிந்து முடித்துவிடுங்கள். சென்னை, கடலூர், நாகை மாதிரி கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே வந்துவிடும், காலை நேரத்து வெயில்தான் உண்மையில் உலர்த்துகிற வெயில். ஈரோடு, கரூர், மதுரைப் பக்கம் இந்தக் கவலை இல்லை. முதல் நாள் சாயங்காலம் மேல்தோல் கையில் ஒட்டாமல் இருந்தால் தப்பித்தோம். ஒட்டினால் துணியோடு உள்ளே எடுத்துவந்து இரவு முழுக்க ஃபேன் காற்றில் வையுங்கள், சுருட்டி மூலையில் வைத்தால் மறுநாள் புளிப்பு வாடை வந்துவிடும். இரண்டாம் நாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிடம் விட்டு, துணியை மடித்து இழுத்தால் இழை உடையாமல் கழன்று வரும். அதன்பிறகு தாம்பாளத்தில் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நாள். ஒடித்தால் டக்கென்று ஓசை வர வேண்டும், வளைந்தால் இன்னும் காய வேண்டும்.

பொரிப்பதில் இரண்டு விதமான கோளாறு வரும். வாணலியில் அடியிலேயே கிடந்து மெதுவாக நுரை தள்ளினால் ஒன்று எண்ணெய் காயவில்லை, இல்லை வடகத்தில் ஈரம் அதிகம். எண்ணெய் 190 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். சின்னத் துணுக்கு ஒன்றைப் போட்டால் அடியைத் தொட்ட உடனே விரிந்து எழும்புவதுதான் அடையாளம். இன்னொரு கோளாறு வருஷம் தாண்டிய வடகத்தில் வரும். நன்றாகவே காய்ந்திருக்கும், எண்ணெயும் சரியாகக் காய்ந்திருக்கும், ஆனாலும் பொரியாமல் சிவக்கும். ஆவியாக உள்ளே ஈரமே மிச்சமில்லை என்று அர்த்தம். ஒரு ராத்திரி தட்டில் பரப்பித் திறந்து வைத்தால் காற்றிலிருந்து வேண்டிய ஈரத்தை எடுத்துக்கொள்ளும், காலையில் பொரித்தால் மறுபடி உப்பும். அதிகம் காய்வதும் கெடுதல் என்பதைப் பலரும் நம்புவதில்லை, செய்து பார்த்தால் தெரியும்.

ஒரு வேளைச் சாப்பாட்டை இந்த வடகத்தை வைத்தே தேற்றிவிடலாம். டப்பாவின் அடியில் தங்கும் நொறுங்கலை நல்லெண்ணெயில் பொரித்து வத்தக்குழம்பில் இறக்கும் முன் சேர்த்தால் குழம்பில் போடும் காய்க்குப் பதில் அதுவே போதும். புளி கரைக்க அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர், குழம்பு நீர்த்திருந்தால் அரைக் கரண்டி வடிகஞ்சி. தொட்டுக்கொள்ளப் பீர்க்கந்தோல் துவையல். அரைக் கிலோ பீர்க்கங்காயின் தோல், ஒரு மேசைக்கரண்டி உளுந்து, மூன்று வர மிளகாய், கொட்டைப்பாக்கு அளவு புளி. நரம்பின் கூர் விளிம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, தோலை இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஈரம் போய் ஓரம் சுருளும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடை துவையலில் அப்படியே நிற்கும்.

இப்போது துணியில் காய்ந்துகொண்டிருப்பது தர்பூசணி வெள்ளைச் சதை சேர்த்த கலவை. சிவப்பை வெட்டித் தின்றபின் பச்சைத் தோலைச் சீவி, மிஞ்சும் வெள்ளையைத் துருவியது. ஒரு கிலோ சோற்றுக்கு 200 கிராம் துருவல். கிலோவுக்குச் சொன்ன அதே உப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பிசிறி, பத்து நிமிடம் கழித்து இறுகப் பிழிந்தால் பாதி எடைதான் நிற்கிறது, பிழிந்த தண்ணீர் ரசத்துக்கு. துருவல் இழைகள் தேன்குழல் தட்டில் அடைப்பதால் இதைக் கிள்ளித்தான் வைக்க முடிந்தது. நாளை திருப்பிப் போட வேண்டும், நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, பொரித்தால்தான் சொல்ல முடியும். அடுத்த கலவைக்குக் கொத்தமல்லித் தண்டும் காலிஃபிளவர் நடுத்தண்டும் ஃபிரீசரில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கொத்தமல்லித் தண்டில் இலையைவிட வாசனை அதிகம், ஆனால் நார் இருப்பதால் மிளகாயோடு சேர்த்து நைசாக அரைத்துவிட வேண்டும். காலிஃபிளவர் தண்டின் வெளித்தோலை உரித்துவிட்டு, உள்ளிருக்கும் வெளிர்ப் பகுதியைச் சோற்றோடு சேர்த்தே அந்த மூன்று விசிலில் வேக வைக்கலாம். சித்திரை பிறந்து அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் இரண்டையும் பிழிந்து ஏற்றிவிட வேண்டும்.