குப்பையை எடைபோட்டுப் படித்த எம்.எஸ்சி.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பசுமை வேதியியல் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். விசா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வங்கியில் காட்ட வேண்டிய தொகை 28 நாள் தொடர்ந்து குறையாமல் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வழக்கமான அலைச்சல்தான்.

ஊரில் பி.எஸ்சி. ஆய்வகத்தில் ஒரே கேள்விதான்: "ஈல்டு எவ்வளவு?", அதாவது வேண்டிய பொருள் எவ்வளவு கிடைத்தது என்று. இங்கே கையோடு இன்னொன்றும் கேட்பார்கள், கழிவு எவ்வளவு என்று. ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு வருகிறது என்பது ஈ-ஃபேக்டர். ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்த கணக்கு. மருந்துத் தயாரிப்பில் அது 25இல் தொடங்கி 100ஐயும் தாண்டும். பெட்ரோலியச் சுத்திகரிப்பிலோ 0.1கூட வராது! மருந்துக் கழிவில் பெரும்பங்கு கரைப்பான்.

என் புராஜெக்ட்டும் கரைப்பான்தான். அமைடு என்ற வகைச் சேர்மத்தை உண்டாக்கும் வினைக்கு வழக்கமாக ஊற்றும் டி.எம்.எஃப். என்ற கரைப்பான் கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. அதற்குப் பதிலாக, தாவரங்களின் செல்லுலோஸிலிருந்து தயாராகும் சைரீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினேன். கொஞ்சம் கெட்டி, பிப்பெட்டில் மெதுவாகத்தான் ஏறும். வீரியமான காரம் பட்டால் தனக்குள்ளேயே வினைபுரிந்து இறுகிவிடும். என் வினையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கொதிநிலை 227 டிகிரி. கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் சுழல் கருவியான ரோட்டாவேப்பில் சுற்றிக்கொண்டே இருக்கலாம், எளிதில் வெளியேறாது. நல்லவேளையாகத் தண்ணீரில் முழுக்கக் கலந்துவிடும். ஐஸ் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் நமக்கு வேண்டிய பொருள் வெள்ளையாகத் திரண்டு படியும். வடிகட்டிக் கழுவினால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? "அந்தத் தண்ணீர் கணக்கில் வருமா?" என்று கேட்டார் என் வழிகாட்டி. ஷெல்டனின் பழைய கணக்கில் தண்ணீர் சேராது. ஆனால் இந்தத் தண்ணீருக்குள் சைரீன் இருக்கிறதே, அதைச் சாக்கடையில் விட முடியுமா? இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டேன். தண்ணீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சைரீன் ஜெயித்தது, சேர்த்தால் டி.எம்.எஃப்.போடு ஏறக்குறையச் சமம். நச்சுத்தன்மையில் சைரீனுக்குத்தான் என் ஓட்டு, கழிவு விஷயத்தில் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு எண்களையும் அப்படியே அறிக்கையில் போட்டேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் பாதிப் பேச்சு அந்த ஒரு அட்டவணையைச் சுற்றியேதான்.

அப்புறம், வர நினைப்பவர்கள் எக்செல்லில் நிறைச் சமநிலைக் கணக்கு, அதாவது உள்ளே போட்டது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு, போடப் பழகிவிட்டு வாருங்கள். ஆய்வகக் கோட்டு போடும் முன்பே அது தேவைப்படும்.