மிளகு ஊறிய நீரும் ஒரு கண்ணாடிக் குண்டும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அன்டோனி வான் லீவன்ஹூக், மிளகின் காரத்துக்குக் காரணம் என்னவென்று அறிய விரும்பி அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின், 1676 ஏப்ரல் 24 அன்று, அந்நீரில் எண்ணிலடங்காத நுண்ணுயிர்களைக் கண்டார். காரத்தின் காரணம் மட்டும் அகப்படவில்லை. அதே சோதனையை அவரைப் போலவே ஒற்றை வில்லையை (லென்ஸை) மட்டும் கொண்டு செய்துபார்க்கச் சென்ற மாதம் தொடங்கினேன்.

வில்லை செய்யும் வழியை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665இலேயே எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்து, அதன் நுனியை மீண்டும் சுடரில் காட்டினால் அது தானாகவே திரண்டு உருண்டையாகும். (லீவன்ஹூக் தம் முறையைக் கடைசிவரை வெளியிடவில்லை, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் எஞ்சியுள்ள அவருடைய கருவியிலும் இத்தகைய குண்டே இருப்பதை 2021இல் நியூட்ரான் கதிரால் கண்டறிந்தார்கள்.) என் முதல் ஏழு குண்டுகளில் சிலவற்றில் கரி படிந்தது, மற்றவற்றில் காற்றுக்குமிழி சிக்கியது. எட்டாவது, 1.5 மில்லிமீட்டர் விட்டத்தில், தெளிவாக வந்தது. கணக்குப்படி அது சுமார் 220 மடங்கு பெரிதாக்க வேண்டும்.

அதை இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே, குண்டூசித் துளைக்கு நேராகப் பொருத்தினேன். உண்மையான சிரமம் அதன் பிறகுதான் தொடங்கியது. இவ்வளவு சிறிய குண்டுக்கு முன் பொருள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் நிற்க வேண்டும். கண்ணோ இமைமயிர் தகட்டில் உரசும் அளவுக்கு நெருங்க வேண்டும். மேசை விளக்கைப் பார்த்த மூன்று இரவுகளும் வீண். சன்னல் வழியே காலை வானத்தை நோக்கிப் பிடித்தபோதுதான் காட்சி துலங்கியது.

மிளகு நீரில் ஆறாம் நாளே ஏடு படிந்து நாற்றமெடுத்தது. அதில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தபோது, நீள்வட்ட உயிர்கள் சில வழுக்கிச் சென்று தடையில் முட்டித் திரும்பின; அவற்றினூடே பொடிப்பொடியான புள்ளிகள் நடுங்கின. அப்புள்ளிகளைப் பாக்டீரியா என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அது அவசர முடிவு. பல்லழுக்கில் கண்ட உயிர்களின் மீது லீவன்ஹூக் வினிகரைக் கலந்து, அவை மடிவதைப் பார்த்தது நினைவுக்கு வரவே, நானும் ஒரு சொட்டு விட்டேன். நீள்வட்டங்கள் நின்றுபோயின, புள்ளிகள் முன்போலவே நடுங்கின. உயிரற்ற துகளும் செத்த பாக்டீரியாவும் நீர் மூலக்கூறுகள் மோதுவதால் இப்படித்தான் நடுங்கும் என்பதால், குறிப்பேட்டில் ‘பாக்டீரியா’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ஒரு திசை நோக்கி நீந்தும் புள்ளியைத் தேடி அடுத்த ஊறலைப் போட்டிருக்கிறேன்.