பத்து நாள் பிரதமருக்கு ஒரு கடிதம்

"கோமஸ் இன்னும் போகவில்லையே" என்றார் எங்கள் அலுவலகப் பெரியவர். வார்கா என்கிற தேநீரை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கடிதத்தைக் கொண்டுபோக மறுக்கிறார் என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நினைத்தால், அவர் நிலையில் இருக்கும் ஒருவர் முதலாளி தரப்பு ஆளிடம் அதற்கு மேல் எப்படி மறுப்பது?

2019 அக்டோபர் கடைசி, மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிஸாவின் தலைநகர் பிஸாவ். அதிபர் ஜோஸே மரியோ வாஸ், பிரதமர் அரிஸ்டிடிஸ் கோமஸின் அரசைக் கலைத்துவிட்டு ஃபாஸ்டினோ இம்பாலியைப் பிரதமராக்கியிருந்தார். வாஸின் பதவிக்காலமே ஜூனில் முடிந்துவிட்டது. நவம்பர் 24 தேர்தல் வரை சும்மா இருக்கட்டும் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் விட்டு வைத்திருந்தது. கோமஸ் நகர மறுத்தார். ஒரு நாடு, இரண்டு பிரதமர்.

தூத்துக்குடியிலிருந்து எங்கள் முதலாளி அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, புதுசா வந்தவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் கொடுத்திரு. நாம முந்திக்கிடணும்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டு ஏற்றுமதியில் ஏறக்குறைய எல்லாமே முந்திரிதான். 2018இல் இதே வாஸ் கிலோவுக்கு 1000 சீஃபா பிராங்க் என்று எட்டாத விலை அறிவிக்க, கொள்முதல் படுத்தே போனது. விலை சொல்லுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு அரசியல்.

சரி, எழுதினேன். பிரதமர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே இருப்பது கோமஸின் ஆட்கள். அதனால் அதிபர் மாளிகையில் கொடுக்கச் சொன்னேன். பெரியவர் போனார், கொடுத்தார், தபால் புத்தகத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

இம்பாலியின் அரசு 48 மணி நேரத்தில் விலக வேண்டும், இல்லாவிட்டால் தடை என்றது எகோவாஸ். நவம்பர் 8இல் அவர் ராஜினாமா செய்தார். பத்தே நாள்.

மறுவாரம் பெரியவர் என் மேசைக்கு வந்தார். "அந்த நகலைக் கிழித்துவிடலாமா?"

"ஆபீஸ் ஃபைல். கிழிக்கக் கூடாது."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். விதிப்படி சரிதான். ஆனால் கடிதத்தில் இருந்தது கம்பெனி முத்திரை, தபால் புத்தகத்தில் இருந்தது அவர் பெயர். நான் விசா முடிந்தால் கிளம்புகிறவன். அவர் அதே தெருவில் வயதாக வேண்டியவர்.

அப்புறம் நடந்ததுதான் குழப்புகிறது. 2020 பிப்ரவரி 27இல், தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்ட எம்பாலோ ஒரு ஹோட்டலில் அதிபராகப் பதவியேற்றார். மறுநாள் கோமஸை நீக்கினார். அலுவலகங்களில் ராணுவம் வந்து நின்றது. கோமஸ் ஐ.நா. கட்டடத்தில் தஞ்சம் புகுந்தார். ஏப்ரலில் எகோவாஸே எம்பாலோவை ஏற்றுக்கொண்டது. ஐந்தாறு மாதம் முன்பு செல்லாத கோமஸ் நீக்கம் இப்போது செல்லுபடியானது. அப்படியானால் அண்ணாச்சி கணக்கில் தவறு எது, தேதி மட்டும்தானா? பெரியவரின் பயம்கூட வீண்தானோ என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டேன்.

அவருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை, எனக்குத் தெரிந்து. அவர் அந்த நகலைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை. பொறுப்பை ஒப்படைத்த அன்று, அடுத்து வந்தவரிடம் ஃபைலை எண்ணிக் கொடுத்தேன். அந்தத் தாளும் அதில்தான் இருந்தது.