பக்கத்துக்கு இவ்வளவு

இருபது வருடமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறேன், அதாவது எழுத்தையும் படத்தையும் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கும் வேலை. பக்கக் கணக்கில்தான் கூலி. ஒருமுறை இத்தாலிய ஓவியம் பற்றிய நூல் ஒன்று வேலைக்கு வந்தது. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க, ஃபெராராவை ஆண்ட போர்சோ தெஸ்தே செய்வித்த பைபிள்.

1455-இல் தத்தேயோ கிரிவெல்லி, ஃபிராங்கோ தே ருஸ்ஸி என்ற இரண்டு ஓவியர்களோடு ஒப்பந்தம். கெடு ஆறு வருடம். இரண்டு தொகுதிகள், அறுநூறுக்கு மேல் தோல் ஏடுகள், ஆயிரத்துக்கும் அதிகமான சிற்றோவியங்கள். கிரிவெல்லி வேலையை மற்ற ஓவியர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். சப்-கான்ட்ராக்ட்! செலவுக் கணக்குகள்கூட அழியாமல் கிடைத்திருக்கின்றன.

ஸ்கேன்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நானாக இருந்தால் ஒரே ஒரு பார்டரை, எல்லாப் பக்கத்திலும் தானாக வந்துவிடும்படி, மாஸ்டர் பேஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே பக்கத்துக்குப் பக்கம் கை புதிதாக ஓடியிருக்கிறது. கொடிகள், பூக்கள், பறவைகள், நடுநடுவே தங்கம். கூடவே போர்சோவின் சின்னமான ஒற்றைக்கொம்புக் குதிரை. வேதப் புத்தகத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது. பணம் போட்டவர் தெரிய வேண்டாமா? 1471-இல் ஃபெராராவின் டியூக் பட்டம் வாங்க பாப்பரசரிடம் ரோமுக்குப் போனபோது, இந்தப் பைபிளையும் கையோடு கொண்டுபோனார். அதே வருடம் இறந்தும்போனார். பைபிள் இப்போது மோதெனாவில், எஸ்தென்சே நூலகத்தில் இருக்கிறது.

கை தாராளமான மனுஷர் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அடுத்த அத்தியாயத்துக்குப் பக்கம் கட்டினேன். அதே போர்சோவின் ஸ்கிஃபனோயா மாளிகையில் சுவரோவியம் தீட்டிய ஃபிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸா, 1470 மார்ச்சில் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சதுர அடிக்கு பத்து பொலொஞ்ஞீனோ காசு என்று, ஊரிலேயே மட்டமான கையாளுக்குக் கொடுக்கிற கூலியை எனக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறார். நிர்ணயித்த கூலி போதும் என்பதே பதில். கோஸ்ஸா பொலோஞ்ஞா நகருக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கடிதத்தை மூன்று தடவை ப்ரூஃப் பார்த்தேன், தேவையே இல்லாமல்.

பைபிள் படங்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. அச்சில் தங்கம் லேசில் தங்கமாக வராது, மஞ்சள்தூள் கொட்டியதுபோல நிற்கும். ஒவ்வொரு படமாக நிறம் திருத்தினேன்.

பில் அனுப்பினேன். முழுப்பக்கப் படங்களுக்குப் பாதிக் கூலிதான் போட்டிருந்தார்கள். "அதில் எழுத்தே இல்லையே சார்" என்றார் கணக்குப் பார்ப்பவர்.