அரிவாள்மனை உயரத்தில் ஒரு குளத்து ஜன்னல்

கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் பல ஆண்டுகளாகத் தரைமட்டத்தில் ஒரு சிறிய மீன்குளம் இருந்தது. மூட்டுவலி வந்த பிறகு அம்மாவால் அதன் ஓரத்தில் குனிந்து நிற்க முடியவில்லை. ஜப்பானின் நீகாட்டா பகுதியில் வளர்த்தெடுக்கப்பட்ட கோய் மீன்கள் மேலிருந்து பார்ப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது உண்மைதான். ஆயினும் குனிய முடியாதவருக்கு அந்த அழகால் என்ன பயன்? பழைய குளத்தை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டத் தீர்மானித்தபோது, அதன் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அளவெடுக்கும் வேலை குளத்திலிருந்து அல்ல, அம்மாவிடமிருந்து தொடங்கியது. அவர் தாழ்வாரத்தில் தரையில் அமர்ந்து, அரிவாள்மனையில் காய் நறுக்கும் நேரம்தான் வேடிக்கை பார்க்கும் நேரம். மேசைக்கு மாறச் சொல்லிப் பலமுறை தோற்றிருக்கிறேன். ஆகவே அவர் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தபோது டேப்பை நீட்டி, தரையிலிருந்து அவரது கண் வரை அளந்தேன். 72 சென்டிமீட்டர். "என்னத்துக்கு கண்ணு அளக்கறே, சட்டை தெக்கவா?" என்று கேட்டவர், காரணத்தைச் சொன்னதும் அடுத்த காயை எடுத்துக்கொண்டார். ஜன்னலின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். திறப்பு 120 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். நீர்மட்டம் தரைக்கு மேல் 110, குளத்தின் அடி தரைக்குக் கீழே 40. எனவே மொத்த ஆழம் ஒன்றரை மீட்டர். நீளம் 4 மீட்டர், அகலம் 2.4 மீட்டர் என்பதால் ஏறத்தாழ 14,000 லிட்டர் நீர்.

இந்த எண்ணைக் கேட்டவர்கள் எல்லாரும் அஞ்சியது "அத்தனை தண்ணீரையும் ஒரு கண்ணாடி தாங்குமா" என்பதைத்தான். ஆனால் நீர் சுவரைத் தள்ளும் விசை, நீரின் அளவைப் பொறுத்தது அல்ல. ஆழத்தையும் திறப்பின் பரப்பையும் மட்டுமே பொறுத்தது. குளம் 4 மீட்டர் நீளமாக இருந்தாலும் 40 மீட்டர் நீளமாக இருந்தாலும் ஜன்னலுக்கு ஒரே பாரம்தான். எங்கள் திறப்பின் நடுப்புள்ளி நீர்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, பரப்பு 0.72 சதுர மீட்டர். இரண்டையும் நீரின் அடர்த்தியோடு பெருக்கினால் கிடைக்கும் விசை ஏறக்குறைய 290 கிலோ எடைக்குச் சமம். அதே ஜன்னலை இன்னும் 60 சென்டிமீட்டர் கீழே இறக்கியிருந்தால் அது 720 கிலோவாக ஏறியிருக்கும். ஜன்னல் வைக்க நினைப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

திறப்பின் மேல்விளிம்பை நீர்மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே வைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. நீர்மட்டம் கண்ணாடியின் குறுக்கே ஓடினால், கோடைக்காலத்தில் நீர் ஆவியாக ஆவியாக வெள்ளை உப்புக்கோடுகள் வரிவரியாகப் படிந்துவிடும். கண்ணாடி முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அக்ரிலிக் தகடு போடலாமா என்றும் யோசித்தேன். எடை குறைவு, தெளிவு அதிகம். ஆனால் எளிதில் கீறல் விழும். வெப்பத்தில் கண்ணாடியைப் போல் ஏழெட்டு மடங்கு விரியும். நான் திட்டமிட்டுக்கொண்டிருந்த நாள்களில், 2022 டிசம்பர் 16 அன்று, பெர்லின் நகர விடுதி ஒன்றினுள் இருந்த ‘அக்வாடோம்’ என்னும் மாபெரும் அக்ரிலிக் தொட்டி வெடித்து, பத்து லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்த செய்தியும் வந்தது. அதை வைத்து அக்ரிலிக்கையே குறை சொல்வது நியாயமன்று. உலகின் பெரிய மீன்காட்சியகங்கள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. எனினும் எங்கள் சிறிய அளவுக்குக் கண்ணாடியே போதும் என்று தோன்றியது.

கண்ணாடிக் கடைகளில் ‘டஃபன்டு’ என்று சொல்லப்படும் கடினப்படுத்திய கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை கொண்டது. ஆனால் அது உடைந்தால் ஒரு மூலை மட்டும் உடையாது, முழுவதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாக உதிரும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் ஒன்றினால் எந்த அடியும் படாமல் உடைவதும் உண்டு. அதனால் தலா 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கடினப்படுத்திய இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட்டட் கண்ணாடியைக் கேட்டேன். ஒன்று போனாலும் மற்றொன்று தனியாகவே அந்தப் பாரத்தைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான பி.வி.பி. படலத்தின் ஓரங்களில் ஈரம் ஏறினால் நாளடைவில் பால் போல வெளுத்துவிடும், எஸ்.ஜி.பி. என்று கடைக்காரர்கள் சொல்லும் படலம் ஈரத்தை நன்றாகத் தாங்கும். இரும்புச்சத்து குறைந்த தெளிந்த கண்ணாடியாக இருப்பதும் நல்லது, இல்லையென்றால் இத்தனை தடிமனில் மீனின் வெள்ளை நிறம் பச்சையடிக்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது கண்ணாடியைப் பற்றி அன்று, அது உட்காரும் இடத்தைப் பற்றி. எல்லாரும் தடிமனைக் கேட்கிறார்கள். அமரும் படியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சுவர் வேலை தொடங்கிய அன்றே கொத்தனார் சரியான கேள்வியைக் கேட்டார்: "கண்ணாடிய உள்ளாற இருந்து வெக்கோணுங்களா, வெளிய இருந்துங்களா?" உள்ளேயிருந்துதான். நீர்ப்பக்கத்தில், திறப்பைச் சுற்றிலும் 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு படி விட்டு, அதன்மேல் கண்ணாடியை அமர்த்தினால், நீரின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெளியேயிருந்து பொருத்தினால் அதே அழுத்தம் கண்ணாடியை இரவும் பகலும் பிய்த்துக்கொண்டே இருக்கும். நீர்த்தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3370 சொல்லும் எம்30 என்னும் வலுவான கான்கிரீட் கலவையில் சுவரைப் போட்டோம். விரிசல் எப்போதும் திறப்பின் மூலைகளில் இருந்துதான் கிளம்பும் என்பதால், நான்கு மூலைகளிலும் சாய்வாகக் கூடுதல் கம்பி கட்டச் செய்தேன். கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டவோ தேய்க்கவோ முடியாது. ஆகவே சென்ட்ரிங் பிரித்து, படியை இழைத்து, மட்டம் பார்த்து முடித்த பின்பே 130க்கு 70 என்று கண்ணாடிக்குச் சொன்னேன். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி.

முதல் முறை பொருத்தியபோது நான் செய்த தவறு, கண்ணாடியை ஒட்டும் பசையான சிலிகானில் இருந்தது. கடை ஒன்றில், மீன்தொட்டிக்கு எல்லாரும் வாங்குவது இதுதான் என்று கொடுத்ததை வாங்கினேன். வினிகர் வாசம் வீசும் அந்த வகை, கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டுவதற்கு மிகச் சிறந்தது. தொட்டிகள் அதனால்தான் நிற்கின்றன. ஆனால் அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் சிமென்ட்டின் சுண்ணாம்பைத் தின்னும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீர் நிரப்பிய ஒன்பதாம் நாள் காலையில், அம்மா காய்த்தோலுக்காக விரித்திருந்த செய்தித்தாளின் ஓரம் நனைந்திருந்தது. ஜன்னலின் இடது கீழ்மூலையில் விரல் வைத்துப் பார்த்தேன், ஈரம்.

குளத்தை வடித்துவிட்டு, கத்தியால் ஓரத்தைக் கிளப்பினேன். கண்ணாடிப் பக்கம் சிலிகான் இம்மிகூட அசையவில்லை. சிமென்ட் பக்கமோ, கொதித்த பாலில் ஏடு எடுப்பதைப் போல முழு நீளத்துக்கும் எளிதாகக் கழன்று வந்தது. அந்த உரிந்த பட்டையின் முதுகில் மாவு தூவியதைப் போன்று மெல்லிய வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அந்தப் பொடிதான் கசிவு. சிலிகான் சுவரைப் பிடிக்கவே இல்லை. தான் உண்டாக்கிய பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. படியைத் தேய்த்து, தூசி போக ஊதி, எபாக்ஸி இரண்டு பூச்சு கொடுத்து, இரும்பு மட்டப்பலகையை வைத்து எங்கும் ஒளி ஊடுருவாத அளவுக்குச் சமமாக்கினோம். ஒரு மணல் துகள் துருத்திக்கொண்டிருந்தாலும் 290 கிலோவும் அந்த ஒரு புள்ளியில்தான் முட்டும். பிறகு பிரைமர் அடித்து, வினிகர் வாசமில்லாத, அசிட்டிக் அமிலம் விடாத நியூட்ரல் வகைச் சிலிகானைப் பயன்படுத்தினோம். குளியலறைக்கு விற்பவற்றில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கு நஞ்சு என்பதால் அந்த விவரத்தையும் படித்துப் பார்த்தே வாங்கினேன். கண்ணாடியின் எடை 55 கிலோ. நான்கு பேர் உறிஞ்சுபிடிகளால் அதை இறக்கி, கீழே இரண்டு ரப்பர் கட்டைகளின்மேல் நிறுத்தி, படிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் ரப்பர் பட்டையைக் கொடுத்தோம். பட்டை இல்லாவிட்டால் நீரின் அழுத்தம் சிலிகானைப் பிதுக்கித் தள்ளிவிட, கண்ணாடி நேராகச் சிமென்ட்டில் போய் முட்டும். சிலிகான் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் இறுகும், நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதனால் மூன்று வாரம் யாரையும் தொட விடவில்லை. நிரப்பும்போதும் நாளுக்கு அரை மீட்டராக ஏற்றினேன். புதுச் சிமென்ட்டின் சுண்ணாம்புக் காரம் இறங்குவதற்காக மூன்று முறை நிரப்பி வடித்த பிறகே மீன்களை விட்டேன்.

தாழ்வாரத்தில் கூரையின் நிழல், குளத்தின்மேல் திறந்த வானம். ஆகையால் பார்ப்பவர் பக்கம் இருட்டாகவும் நீர்ப்பக்கம் வெளிச்சமாகவும் இருக்கிறது. கண்ணாடியில் நம் முகம் தெரிவதில்லை. ஒளி நீரிலிருந்து வெளியேறும்போது வளைவதால் எதிர்ச் சுவர் 2.4 மீட்டருக்குப் பதிலாக 1.8 மீட்டரில் நிற்பதைப் போலத் தோன்றுகிறது. நான் எதிர்பார்க்காத ஒன்று நீர்ப்பரப்பின் அடிப்பக்கம். அம்மாவின் இடத்தில் அமர்ந்து சற்றே மேல்நோக்கிப் பார்த்தால் வானம் தெரிவதில்லை. அந்த அடிப்பக்கம் முழுவதும் வெள்ளித் தகடாகி, மேலே வரும் ஒவ்வொரு மீனுக்கும் தலைகீழாக ஒரு துணையைக் காட்டுகிறது. மீன் இரையைக் கவ்வும்போது இரண்டு வாய்களும் ஒன்றையொன்று தொடுகின்றன.

மறுபடியும் கட்டுவதானால் ஒன்றை மட்டும் மாற்றுவேன். சுவரின் தடிமன் 20 சென்டிமீட்டர். திறப்பின் வெளி விளிம்புகளைக் கோட்டைச் சுவரின் துளைகளைப் போலச் சாய்த்து விரித்திருந்தால், பக்கவாட்டில் அமர்பவர்களுக்கும் குளத்தின் மூலைகள் தெரிந்திருக்கும். இப்போது நடுவில் ஒருவர் அமரும் இடத்திலிருந்துதான் குளம் முழுமையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் அரிவாள்மனை இருக்கிறது. நாங்கள் மற்றவர்கள், அம்மா எழுந்த பிறகு பார்க்கிறோம்.