மதினியும் கரண்டு டெஸ்டும்

மாட்டுத்தாவணியில உதிரி மல்லி வாங்கிட்டு வந்து கட்டிக் கொடுக்கிற எங்க மதினிக்கு, ராத்திரியானா பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப் போகுது. டாக்டர் நரம்பு டெஸ்ட் எழுதினதுமே தெருவே கூடி பயமுறுத்திருச்சு: "கரண்டு வைப்பாய்ங்க, ஊசி குத்துவாய்ங்க!"

வைப்பாங்கதான். ஆனா சுண்டி விட்ட மாதிரி சின்ன ஷாக். நரம்புல அந்தச் சிக்னல் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அளக்குறதுதான் என்.சி.எஸ். கை நரம்புல நொடிக்கு சுமாரா 50 மீட்டருக்கு மேல போகணும். மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருந்தா (மதினிக்கு அதான் சந்தேகம்) அந்த இடத்துல மட்டும் தாமதமாகும்.

ஊசி போடுறது இ.எம்.ஜி. எல்லாருக்கும் அது தேவைப்படாது. அந்த ஊசியில மருந்தும் இல்ல, கரண்டும் இல்ல. தசையோட சத்தத்தைக் கேக்குற மைக்குன்னு வைங்க. நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தமே வராது. நரம்பு அறுந்த தசை சும்மா இருக்கும்போதே தானா பொரியுற மாதிரி சத்தம் போடும். அடிபட்ட மறுநாளே எடுத்தா அது தெரியாமப் போகலாம், ரெண்டு மூணு வாரம் ஆகணும். இதைத்தான் நிறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல.

போறப்ப கையில எண்ணெய், கிரீம் வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தாலோ முதல்லயே சொல்லிருங்க. ஏசி ரூம்ல கை ஜில்லுன்னு ஆனா வேகம் குறைச்சலாக் காட்டும், ஒரு டிகிரி குறைஞ்சா நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். கையைச் சூடாக்கிட்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்க. மதுரை வெயில்ல இருந்து நேரா உள்ள போனா அந்தக் கவலையும் இல்ல!